மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கட்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் உயிரியல்-கணிதப் பிரிவு. காலிங்கராயன் வாய்க்காலில் சாயத் தண்ணீர் கலப்பதைப் பார்த்தே வளர்ந்தவள், சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "மரம் நட எதுக்கும்மா இன்ஜினியரிங்?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள், வேலை கிடைக்குமா, பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா, வெளிநாடு போய்ப் படிக்கலாமா என்பவை அவர் கேள்விகள்.

கழிவுநீர்த் துறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பாடமும் எடுப்பவன் என்ற முறையில் முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பி.இ.யில் சிவில் அல்லது கெமிக்கல் எடுத்துவிட்டு, எம்.இ.யில் சுற்றுச்சூழலுக்கு வரட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் இது என்ன படிப்பு என்பதில் இருக்கிற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சேர்ந்த பிறகு "இதுவா அது?" என்று முகம் வாடும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன்.

மரம், புலி, பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு இந்தப் படிப்பில் கொஞ்சம்தான். பெரும்பகுதி தண்ணீரும் சாக்கடையும். குடிதண்ணீரைச் சுத்தம் செய்வது, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அழுக்கான தண்ணீரைத் திரும்ப வாங்கி ஆற்றில் விடும் தரத்துக்குக் கொண்டுவருவது, குப்பையை என்ன செய்வது, புகைபோக்கியிலிருந்து வருவது எங்கே போய் விழும் என்று கணக்கிடுவது. நாக்பூரில் இருக்கும் நீரி ஆய்வு நிறுவனம் 1958-இல் தொடங்கியபோது அதன் பெயர் மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம். 'சுற்றுச்சூழல்' என்று மாற்றியது 1974-இல்தான். காலராவையும் டைபாய்டையும் குழாய் வழியாகத் தடுக்கக் கிளம்பிய துறை இது. இன்றும் பாதிக்குமேல் அதே வேலைதான்.

உங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடியதும், 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனதும் உங்களுக்கே தெரியும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் படுவது நிறம். நிறத்தை எடுப்பது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புதான் சிக்கல். பருத்தியில் சாயம் ஏறவேண்டுமானால் சாயக் குளியலில் உப்பை அள்ளிப் போடவேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, மொத்தமும் கழிவுநீரோடு வெளியே வரும். பாக்டீரியாவை விட்டுச் சுத்தம் செய்யும் வழக்கமான நிலையத்தில் உப்பு ஒரு துளிகூடக் குறையாது. ஏனென்றால் பாக்டீரியா உப்பைத் தின்னாது. சுத்திகரித்த தண்ணீர் தெளிவாக, வாடையில்லாமல் வரும். அதைப் பாய்ச்சிய நிலமோ உப்பேறிக் கெடும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு அங்கே வலுப்பெற்றது 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை. முதலில் பாக்டீரியா தொட்டி, பிறகு வடிகட்டிகள், அப்புறம் ஆர்.ஓ. ஆர்.ஓ.வில் வருகிற நல்ல தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே போகும். மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கிகளில் காய்ச்சி, திரும்பப் பயன்படும் உப்பைப் பிரித்தெடுப்பார்கள். இவ்வளவு செய்தும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மூட்டை மூட்டையாக மிஞ்சும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது இன்றுவரை தலைவலி. தண்ணீரைக் காய்ச்ச விறகு வேண்டும், ஆர்.ஓ.வுக்குக் கரண்ட் வேண்டும். ஆறு பிழைக்கிறது, புகைபோக்கி புகைகிறது. எந்த அழுக்கையும் இல்லாமல் ஆக்க முடியாது, வேறு வடிவத்துக்குத்தான் மாற்ற முடியும். எந்த வடிவத்தில் கெடுதல் குறைவு, யார் பணம் கொடுப்பது என்று கணக்குப் போட்டு முடிவெடுப்பதைத்தான் நான்கு வருடமும் சொல்லித்தருகிறோம். உங்கள் மகளிடம் இந்த ஒரு கதையைச் சொல்லிப் பாருங்கள். கேட்டதும் "அந்தக் கலப்பு உப்பை வேற என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள் என்றால், அவளுக்கு இந்தத் துறை ஒத்துவரும்.

பாடங்கள் என்று பார்த்தால் முதல் வருடம் எல்லாப் பொறியியலுக்கும் ஒன்றுதான். அதன்பின் பாய்ம இயக்கவியல், நீரியல், வேதியியல், கொஞ்சம் நுண்ணுயிரியல், பிறகு சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பு, காற்று மாசு, திடக்கழிவு, நிலத்தடி நீர், சட்டங்கள். கணக்கு நிறைய வரும், முக்கியமாக வகைக்கெழுச் சமன்பாடுகள். உயிரியல் பிடிக்கும் கணக்கு வராது என்கிற பிள்ளைகள் பெயரைப் பார்த்து இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு சுற்றுச்சூழல் அறிவியலில் பி.எஸ்சி. நல்லது. அது வேறு படிப்பு. அளப்பதும் காரணம் கண்டுபிடிப்பதும் அறிவியல்காரர்கள் வேலை. தொட்டி எத்தனை மீட்டர் ஆழம், பம்ப் எத்தனை ஹெச்.பி. என்று முடிவுசெய்து கையெழுத்துப் போடுவது பொறியாளர் வேலை.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பி.ஓ.டி. என்ற சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதன் அளவு. முந்நூறு மில்லி பிடிக்கும் கண்ணாடிக் குப்பியில், நீர்த்த கழிவுநீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, இறுக மூடி இன்குபேட்டரில் வைக்கவேண்டும். வைக்கும்முன்னும் எடுத்தபின்னும் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை அளந்து, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். மேல்நாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். நம் வெயிலுக்கு ஏற்ப இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் என்று வைத்திருக்கிறோம். இந்த வித்தியாசம் தெரியாமல் வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் அங்கேயே மாட்டுவார்கள்.

ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை இன்னும் அழகு. குப்பியில் மாங்கனீஸ் சல்பேட், அதன்பின் கார-அயோடைடு கரைசல் விட்டுக் குலுக்கினால் கலங்கல் ஒன்று திரண்டு மெதுவாக அடியில் இறங்கும். அது பழுப்பாக இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் துளியும் இல்லை. பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர்மஞ்சள் வந்ததும் ஸ்டார்ச் சேர்க்கவேண்டும். நீலம் வரும். அந்த நீலம் மறையும் சொட்டுதான் விடை. இப்போது மீட்டரை முக்கினால் இரண்டே நிமிடத்தில் எண் வந்துவிடும், உண்மைதான். ஆனாலும் அந்தக் கலங்கல் வெள்ளையாக நிற்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, செத்த ஆறு என்றால் என்ன என்று மறக்காது.

இந்த எண்கள் எவ்வளவு தூரம் பேசும் என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். நம் வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு லிட்டர் கழிவுநீரை 10 லிட்டர் நல்ல ஆற்றுநீரில் கலந்தாலும் கலவையின் பி.ஓ.டி. பெரும்பாலும் இருபதைத் தாண்டும். தேவை இருபது சொச்சம், கையிருப்பு ஏழரை. ஓடுகிற ஆறு காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே போவதால் சமாளிக்கிறது. எத்தனை கிலோமீட்டர் கீழே போய் ஆறு தேறும் என்பதற்கு ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை வைத்துச் சமன்பாடு தந்தார்கள். இன்றும் அதைத்தான் முதலில் சொல்லித்தருகிறோம். பி.ஓ.டி. மூன்றுக்குள் இருந்தால்தான் ஆறு குளிக்கத் தகுந்தது என்பது இந்தியாவில் இருக்கும் வரையறை. நம் நகரங்களைத் தாண்டி வரும் ஆறுகளில் எது அப்படி இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கழிவுநீரைச் சுத்தம் செய்ய உலகம் முழுக்க இன்று அதிகம் கையாளும் முறை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டது. கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அடுத்த கழிவுநீரை அதிலேயே ஊற்றி மறுபடி ஊதினார்கள். சேற்றில் பெருகியிருந்த பாக்டீரியா வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டது. வீட்டில் தயிர் உறை ஊற்றுகிற கணக்குத்தான். கோயம்பேட்டுச் சுத்திகரிப்பு நிலையமானாலும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடியின் அடித்தளத்தில் இருக்கும் எஸ்.டி.பி. என்ற சிறு சுத்திகரிப்பு நிலையமானாலும் அடிப்படை இதுவே. நிலையம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க, அந்தத் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைப்பார்கள். சேறு கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நின்று, அதன்மேல் தெளிந்த நீர் இருந்தால் நல்லது. நல்ல சேறு சாக்லேட் பழுப்பில், மழை பெய்த மண் மாதிரி மணக்கும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். நாற்றம் என்று குடியிருப்போர் சங்கம் கூப்பிடும் இடங்களில் நான் முதலில் கேட்கும் கேள்வி, "ராத்திரி ப்ளோயரை நிறுத்துறீங்களா?" என்பது. காற்று ஊதும் அந்த இயந்திரத்தைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தியிருப்பார்கள். பாக்டீரியா ராத்திரியும் மூச்சு விடும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, பி.இ.யில் ஏன் சிவில் என்கிறேன்? பட்டத்தின் பெயர்தான் காரணம், பாடத்திட்டம் அல்ல. பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது. வடக்கே தன்பாத் ஐ.ஐ.டி.யிலும் டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நேரடிப் படிப்பு உண்டு. பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடிநீர் வடிகால் வாரியம், உள்ளாட்சி, பொதுப்பணித்துறை போன்ற இடங்களின் உதவிப் பொறியாளர் அறிவிக்கைகளைப் பாருங்கள். பெரும்பாலும் 'சிவில்' என்று எழுதியிருக்கும். பட்டத்தில் வேறு பெயர் இருந்தால், அதுவும் சிவிலுக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தகுதி அரசாணை தேடி அலையவேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்விலும் சுற்றுச்சூழல் தனிப் பிரிவு இல்லை, சிவில் தாளுக்குள் ஒரு பகுதியாகத்தான் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தகுதி அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடியது என்பதால் அந்தந்த முறை படித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். 21 வயதில் கதவுகளைத் திறந்தே வைத்திருப்பது புத்திசாலித்தனம், அவ்வளவுதான்.

சிவிலா கெமிக்கலா என்றால், குழாய், தொட்டி, ஊராட்சி, நகராட்சி பக்கம் போக ஆசை என்றால் சிவில். சாயப்பட்டறை, தோல், மருந்துத் தொழிற்சாலைக் கழிவு என்றால் கெமிக்கல். உங்கள் மகள் சாயத் தண்ணீரைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவள் என்பதால் கெமிக்கல்தான் அவளுக்குச் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் அரசு வேலைதான் வேண்டும் என்று குடும்பத்தில் எதிர்பார்ப்பு இருந்தால் சிவில்.

எம்.இ.க்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. மூன்றும் நல்ல இடங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு கேட் என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 2021 முதல் கேட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கே தனித் தாள் வந்துவிட்டது. கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆகவே மேல்படிப்புச் செலவை நினைத்து இப்போதே பயப்படவேண்டாம்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் தொடக்கச் சம்பளம் ஐ.டி. கம்பெனியில் சேரும் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதை மறைத்துப் பேசும் கல்லூரிகளை நம்பாதீர்கள். ஐந்தாறு வருடம் ஒரு நிலையத்தை ஓட்டிய அனுபவம் கைக்கு வந்த பிறகு நிலைமை மாறும். அப்படிப்பட்ட ஆள் எப்போதும் தட்டுப்பாடு. நெம்மேலியில் 2013-இல் தினம் 10 கோடி லிட்டர், 2024-இல் இன்னொரு 15 கோடி லிட்டர் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் வந்தது. இவையெல்லாம் ஆள் கேட்கும் வேலைகள். திட்டம் வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்கள், நிலையம் கட்டித்தரும் கம்பெனிகள், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு, சோதனைக்கூடங்கள், வாரியங்கள் என்று வழிகள் இருக்கின்றன.

ஒரு வழியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. நேர்மையான ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அறிக்கையால் திட்டமே மாறியதும் உண்டு. ஆனாலும் கல்லூரி முடித்த கையோடு போய் அறிக்கைகளை வெட்டி ஒட்டும் வேலையில் உட்கார்ந்துவிட்டால், படித்தது மறந்துபோகும், மனசாட்சியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முதல் இரண்டு வருடமாவது நிலையத்தில் நின்று வேலை பார்த்துவிட்டு மேசைக்குப் போவது நல்லது.

பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு என் வகுப்பே பதில். எம்.இ.யில் பாதிக்குப் பாதி பெண்கள்தான். நிலையத்தில் நாற்றம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். சில நிலையங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. கழிவுநீர் நிலையத்தில் கழிப்பறை இல்லை என்பது நம் நாட்டு விசித்திரம். அதைக் கேட்டு வாங்கவேண்டும், கேட்டால் கட்டுகிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூடிய தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றம்கூடத் தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார். மனிதரை இறக்கிக் கழிவகற்றுவதை 2013 சட்டம் தடைசெய்திருந்தும் சாவுகள் நிற்கவில்லை. வாயு அளக்காமல், தக்க பாதுகாப்பு இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கமாட்டேன் என்று ஒப்பந்ததாரரிடம் அடித்துச் சொல்லும் துணிச்சல் இந்தத் துறையில் வருகிற எல்லோருக்கும் வேண்டும்.

வெளிநாடு என்றால், பி.இ.க்கு அனுப்பவேண்டாம். நம் மண்ணின் கழிவுநீர், நம் சட்டம், நம் வெயில் எல்லாம் தெரிந்தபின் போவதே பயன். முதுகலைக்கு ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் தண்ணீருக்கென்றே ஒரு நிறுவனம் 1957 முதல் நம்மைப் போன்ற நாட்டுப் பொறியாளர்களுக்காகவே நடக்கிறது. சில வருடம் வேலை பார்த்தபின் அங்கே போனால் பெற்றுக்கொள்வது அதிகம்.

கலந்தாய்வுக்குமுன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டியலில் நினைத்திருக்கும் கல்லூரிகளுக்கு மகளோடு நேரில் போங்கள். முகப்புக் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் காட்டுவார்கள். நீங்கள் சுற்றுச்சூழல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிவில் துறையிலும் அது இருக்கவேண்டும். பி.ஓ.டி. இன்குபேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தேதி எழுதிய குப்பிகள் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. காலியாக, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். கடைசியாகப் பிள்ளைகளை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, எப்போது கூட்டிப்போனார்கள் என்று மூன்றாம் வருட மாணவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள், ஆசிரியரிடம் கேட்கவேண்டாம். பெருந்துறை சிப்காட்டும் திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான். தெரிந்தவர் மூலம் அனுமதி கேட்டு, இந்த விடுமுறையிலேயே அவளை ஒருநாள் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுங்கள். அந்த வாடையிலும் இரைச்சலிலும் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் விருப்பப் பட்டியலை நிரப்புங்கள். வாசலிலேயே முகம் சுளித்தால் அதுவும் நல்லதுதான், கட்டணம் கட்டுமுன்னே தெரிந்துவிட்டது.